பச்சோணான் பாட்டிலும் என்ற தென்னையும்

ஏங்கண்ணு, பாட்டிலைத் தொறந்து எத்தனை நேரமாச்சு! கிளாசைச் சுத்தறே, மோக்கறே, மறுக்காச் சுத்தறே. துணிக்கு ஜி.எஸ்.எம். பாக்கறதுல இந்தக் கவனம் இருந்திருந்தா போன லாட்டு திரும்பி வந்திருக்குமா?

"மிளகு வாசம் அடிக்குதுங்க அப்புச்சி"ங்கறே. அடிக்கும். குரூனர் வெல்ட்லினர் திராட்சைக்கே அந்தக் குணம்னு நீதானே சொன்னே. ஆஸ்திரியாவுல திராட்சைத் தோட்டத்துல மூணுல ஒரு பங்கு இந்தக் கொடிதானாம். மிளகு வாசத்துக்குன்னா அம்மிச்சி ரசம் வெப்பா, வியன்னா போவ வேண்டாம்.

இந்தச் சரக்கு வர்ற ஊரு நல்ல ஊருதான், ஒத்துக்கறன். மெல்க்குல இருந்து கிரெம்ஸ் வரைக்கும் டான்யூப் ஆத்தோரம், வாஹாவ்னு பேரு. மலைச்சரிவுல சுண்ணாம்பு சிமிட்டி இல்லாம வெறுங்கல்லை அடுக்கிப் படிப்படியாக் காடு கட்டியிருக்கறான். 2000-ல யுனெஸ்கோவே பட்டியல்ல சேத்துருச்சு. சரக்கையும் நம்ம பனியனாட்டம் மூணு சைஸாப் பிரிச்சிருக்கறான். ஆல்கஹால் 11.5 சதம் வரைக்கும் ஸ்டைன்ஃபெடர், 12.5 வரைக்கும் ஃபெடர்ஷ்பீல், ஒசந்தது ஸ்மரக்ட். அது அந்தக் கல்லுல வெயில் காயற பச்சோணான் பேராம். வேலியில போற ஓணானை வேட்டிக்குள்ள உட்டுக்கிட்ட கதை நம்முது. அவன் பாட்டிலுக்குள்ள உட்டுக் காசு பண்றான்.

எனக்குப் புடிச்சது ஓணான் இல்ல. 1784-ல அவங்க ராசா இரண்டாம் யோசப்பு ஒரு உத்தரவு போட்டாரு பாரு, அதுதான். குடியானவன் தன்ற தோட்டத்து வைனைத் தன்ற ஊட்டுலயே வித்துக்கலாம்! வாசல்ல ஒரு பைன் கொத்தைக் கட்டுனா கடை தொறந்திருக்குன்னு அர்த்தம். இன்னைக்கும் நடக்குது. நான் உடுமலைத் தோப்புல பாளையைச் சீவி ஒரு முட்டி கட்டுனா, வாசல்ல வந்து நிக்கறது போலீஸ் ஜீப்பு. 1987-ல கள்ளைத் தடை பண்ணுனதுல இருந்து இதே பொழப்பு. கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கேரளாவுக்குள்ள போனா அதே தென்னை, அதே கள்ளு, அங்க லைசென்ஸ் கடை. இங்க 2017-ல நீரா எறக்கிக்கச் சொன்னாங்க, புளிக்காமப் பாத்துக்கோணும்னு ஐஸ் பொட்டியோட. நாலஞ்சு சதம் கள்ளு ஒடம்புக்கு ஆவாது, டாஸ்மாக்ல 42.8 சதம் பிராந்தி ஆவும். கணக்குல நான் கொஞ்சம் மட்டு கண்ணு.

கள்ளுன்னா கலப்படம் பண்ணிருவாங்கங்கறாங்க. பண்ணுவாங்க, இல்லீங்கல. உன்ற ஆஸ்திரியாக்காரன் 1985-ல டைஎதிலீன் கிளைகாலையே வைன்ல ஊத்தி மாட்டுனான், இனிப்பும் கனமும் தூக்கலாத் தெரியோணும்னு. ஏத்துமதி படுத்துருச்சு. அதுக்காகக் கொடியைப் புடுங்கிப் போட்டானா? அதே வருசம் சட்டத்தை இறுக்குனான். நம்பர் போட்டு சிவப்பு வெள்ளை முத்திரையைப் பாட்டில்ல ஒட்டுனான். இனிப்பை உட்டுப்போட்டு இந்தக் கறாரான சரக்குக்கு மாறுனான். 2002-ல லண்டன்ல பேரை மறைச்சு ருசி பாத்தப்ப, இந்த குரூனர் பிரான்சு பர்கண்டியையே முந்திப்போச்சு.

அத்தனை தூரம் எதுக்கு? நொய்யல்ல நாம உட்டது என்ன, பன்னீரா? ஒரத்துப்பாளையம் அணையே சாயத்தொட்டி ஆச்சு. 2011 சனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. அப்ப உன்ற அப்பன் பனியனே வேண்டாம்னு ஆடு மேய்க்கப் போனானா? ஒரு சொட்டு வெளிய உடாம சுத்தம் பண்றம்னு மிசினைப் போட்டு மறுபடி தொறந்தாங்க. சாயத்துக்கு ஒரு நியாயம், தென்னைக்கு ஒரு நியாயம்.

உனக்கு ஒரு ரோசனை சொல்றன். உன்ற பனியன் வாங்கற வியன்னா பையர் வந்தா ஓட்டல்ல ஒக்கார வெச்சு அவனூட்டுச் சரக்கையே அவனுக்கு ஊத்தாதே. தோப்புக்குக் கூட்டியா. கயித்துக் கட்டில் போடறன், எளநி வெட்டறன், அம்மிச்சி நாட்டுக்கோழி வறுப்பா. தின்னு முடிச்சு மரத்தை நிமிந்து பாத்து, "உங்க தோட்டத்துச் சரக்கு எங்கே?"ன்னு கட்டாயம் கேப்பான். அதுக்கு நீயே இங்கிலீசுல பதில் சொல்லு. நான் பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கறன்.