காய்தலும் காய்தல் நிமித்தமும்

மார்ச் மாதத்து நண்பகலில் வெயில் தலைகாட்டினால் போதும், ஸ்டாக்ஹோமின் நீப்ரோபிளான் சதுக்கத்தில் இருக்கும் அரச நாடக அரங்கின் படிக்கட்டு நிறைந்துவிடும். உள்ளே நாடகம் எதுவும் நடப்பதில்லை. 1908இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடம் தண்ணீரைப் பார்த்து நிற்கிறது. படியில் இருப்பவர்கள் சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கண்கள் மூடியிருக்கும். முகவாய் சற்றே உயர்ந்திருக்கும். மேல்கோட்டின் பொத்தான்கள் கழுத்துவரை பூட்டியிருக்கும். வெப்பமானி ஐந்து டிகிரி காட்டும். இந்நிகழ்வை வானிலையியலிடம் ஒப்படைப்பது வீண். பொருளிலக்கணம் ஒன்றாலேயே இதை விளக்க முடியும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதற்பொருளாவன நிலமும் பொழுதும். மேலாரன் ஏரி பால்டிக் கடலில் கலக்கும் இடத்தில் 14 தீவுகளின் மேல் அமைந்த ஊர் என்பதால், அவசரக்காரர்கள் நெய்தல் என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். இத்திணைக்குரிய நிலம் தீவும் அன்று, கரையும் அன்று. தெற்குப் பார்த்த சுவர். காற்றுப் படாத, வெயில் விழும் சுவர் வங்கியுடையதாயினும் மீன்கடையுடையதாயினும் நிலமாகும். வடக்குப் பார்த்தது அரண்மனையே ஆனாலும் ஆகாது.

சிக்கல் பொழுதில்தான். ஸ்வீடனின் வானிலை நிறுவனத்துக்கு இதில் ஒரு நூற்பா உண்டு. நாளின் சராசரி வெப்பம் தொடர்ந்து ஏழு நாள் சுழியத்துக்கு மேல், பத்து டிகிரிக்குக் கீழ் இருந்தால் அது வேனில். ஆயினும் பிப்ரவரி 15க்கு முன் வந்தால் கணக்கில் வராது. ஏழாம் நாள் முடிந்த பிறகே வேனில் வந்தது உறுதியாகும். வந்த தேதியோ முதல் நாள் என்றே பதிவாகும். ஆக, வேனிலின் முதல் ஆறு நாளும் வேனில் என்பது ஒருவருக்கும் தெரியாமலே கழிகின்றன. ஒருமுறை வந்ததாக எழுதிவிட்டால், பிறகு பனி கொட்டினாலும் அது ரத்தாவதில்லை. ஏப்ரலில் குடைமேல் விழும் பனி, ஏட்டின்படி வேனிற்பனி. எந்த உரையாசிரியரும் பொறாமைப்படத்தக்க நூற்பா இது.

‘இதனைப் பின்பனி என்னாமோ’ எனின், என்னாம். பின்பனிக்குரிய குளிர் இருப்பினும் பின்பனிக்குரிய பணிவு இம்மக்களிடம் இல்லை. ‘அங்ஙனமாயின் பாலை எனலாமே, நண்பகல், வேனில், பின்பனி ஆகிய மூன்றையும் தனக்கே உரியவாகக் கொண்ட திணை அது ஒன்றுதானே’ எனின், அது வலுவான தடை. ஸ்டாக்ஹோமில் இம்மூன்றும் ஒரே நாளில், சில சமயம் ஒரே தெருவில் நிகழ்வதைக் காணலாம்: வெயில் விழும் நடைபாதையில் வேனில், எதிர்ச்சாரியில் பின்பனி. ஆனால் பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கே நடப்பது பிரிந்து போனவன் திரும்பி வருதல்.

போனவன் ஞாயிறு. டிசம்பர்க் கடைசியில் இவ்வூரின் பகல் சுமார் ஆறு மணி நேரம். ஜூன் கடைசியில் பதினெட்டரை. இடையிலுள்ள வேறுபாட்டை ஆறே மாதத்தில் தீர்த்தாக வேண்டியிருப்பதால், மார்ச்சில் ஒவ்வொரு பகலும் முந்தியதைவிட ஐந்து நிமிடத்துக்கு மேல் நீள்கிறது, ஒரு வாரத்தில் அரை மணிக்கு மேல். போன திங்களன்று இருட்டில் வீடு திரும்பியவர் இந்தத் திங்களன்று தன் நிழலோடு திரும்புகிறார். எனவே படிக்கட்டுக்காரர்கள் காய்வது சூட்டுக்காக அன்று, ஒளிக்காக. ஐந்து டிகிரியைச் சுட்டிக்காட்டி நகைப்பார் தவறான கருவியைக் கையில் வைத்திருக்கிறார் என்க.

இனிக் கருப்பொருள். தெய்வம் சொல்லப்பட்டது. உணா: பின்பனியில் செம்லா என்னும் கிரீம் அடைத்த இனிப்பு ரொட்டி, மார்ச் 25இல் வாஃபிள், எஞ்சிய நாளெல்லாம் காபி. புள்: மஞ்சள் அலகுடைய கரும்பூங்குருவி, ஸ்வீடனின் தேசியப் பறவை, விடியுமுன் கூரையேறிப் பாடுவது, தூக்கம் பிடிக்காதவர்க்கு இன்னும் இனிது. பறை: தெருக்கூட்டும் எந்திரம். குளிர்காலத்தில் வழுக்காதிருக்கத் தூவிய சிறுசரளையை அது வாரிக்கொண்டு போகும் ஓசையே இவ்வூரில் வேனிலை அறிவிக்கும் முதல் முழக்கம். மலர்கள் அதற்குப் பின்னரே.

மரத்தைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். ஏப்ரல் இறுதியில் குங்ஸ்த்ரெத்கோர்தன் பூங்காவில் செர்ரி பூக்கும். மொத்தம் 63 மரங்கள். தமிழர் உடனே கைகூப்பிவிட வேண்டாம்; 1998இல் நட்டவர்கள் பெரியபுராணம் படித்தவர்கள் அல்லர். ஊரே திரண்டு வந்து இளஞ்சிவப்புக் கூரையின் கீழ்ப் படம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் திணைக்குரிய மரம் செர்ரி என்று என்னால் ஒப்ப இயலவில்லை. அதே பூங்காவில், படமெடுப்பார் யாருமின்றி, எல்ம் மரங்கள் சில நிற்கின்றன. 1971 மே மாதத்தில், சுரங்க ரயில் நிலையத்தின் வாயிலுக்காக நகராட்சி அவற்றை வெட்ட வந்தது, அதுவும் இரவில். மக்கள் வேலியைத் தள்ளி உள்ளே புகுந்தார்கள், மரத்தில் ஏறினார்கள், அங்கேயே கிடந்தார்கள். நகராட்சி பின்வாங்கியது, வாயில் வேறிடத்துக்குப் போனது, 1977இல் நிலையம் திறந்தது, மரங்கள் தப்பின. இப்போராட்டம் நவம்பரில் நடந்திருந்தால் மரங்கள் பிழைத்திருக்குமா என்பது ஆய்வுக்குரியது. மே மாதத்தில், பகல் பதினாறு மணி நேரம் நீளும்போது, இவ்வூர்க்காரரை வீட்டுக்குப் போகச் சொல்ல எந்த நகராட்சியாலும் ஆகாது.

உரிப்பொருள், தலைப்பிற் கண்டவாறு, காய்தலும் காய்தல் நிமித்தமும். காய்தல் விளக்கப்பட்டது. நிமித்தமாவன: காபிக்கடை வாசலில் நாற்காலி போடுதல், நாற்காலிதோறும் கம்பளி மடித்து வைத்தல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு கறுப்புக் கண்ணாடி அணிதல், நிழல் நெருங்க நெருங்க நாற்காலியை அங்குலம் அங்குலமாக நகர்த்துதல், அம்முயற்சியில் அடுத்த மேசைக்காரர் மடியில் முடிதல். லிஃப்டில் கூட அயலாரிடம் வாய் திறவாத ஊரில், முன்பின் அறியாத ஒருவர் ‘நல்ல வெயில்’ என்று சொல்லக் கேட்டலும் இதன்பாற்படும்.

ஞாயிறு மறைந்த பின் காய்தல் எங்ஙனம் எனின், அதற்கும் ஏற்பாடு உண்டு. ஏப்ரல் 30 இரவு, 1891இல் தொடங்கப்பட்ட ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பெருந்தீ மூட்டுகிறார்கள். பாடகர் குழு வேனிலை வரவேற்றுப் பாடும். கேட்பவர்கள் கையுறையோடு கைதட்டுவார்கள்.

ஐந்து நாள் தொடர்ந்து சராசரி பத்து டிகிரியைத் தொட்டால் வானிலை நிறுவனம் கோடையை அறிவித்துவிடும். லைலாக் பூத்து உதிரும். ஜூன் கழிந்ததும் படிக்கட்டுக்காரர்கள், ஊருக்கு வெளியே கடலில் சிதறிய ஏறத்தாழ 30,000 தீவுகளிலும் பாறைகளிலும் தங்களுக்கென்று ஒன்றைப் பார்த்துப் போய்விடுவார்கள். ஜூலையில் அதே படிக்கட்டில் சுற்றுலாப் பயணிகள் தொப்பியோடு நிற்பதைக் காணலாம். அவர்கள் நிழல் தேடி நிற்பவர்களாதலின், அவர்தம் ஒழுக்கம் இவ்வியலில் ஆராயப்படாது.