அண்ணாச்சி பதில்கள்: மாசி வெயிலும் மழலைப் பட்டாளமும்

பெருமாள்புரம் வாசகி: வசந்த காலத்தில் சின்னப் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகணும் என்கிறார்கள். நம்ம திருநெல்வேலிக்கு வசந்தம் எப்போ வரும் அண்ணாச்சி?

பஞ்சாங்கத்தைக் கேட்டால் சித்திரை, வைகாசி இளவேனில் என்று சொல்லும். அதை நம்பிக் கிளம்பினால் பிள்ளை அப்பளமாகத்தான் வீடு திரும்பும். ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழை இன்னும் குளத்தில் கிடக்க, பிசான அறுப்பு நடக்க, புங்கையும் வேம்பும் துளிர்விடும் மாசி, பங்குனிதான் நமக்கு வாய்த்த வசந்தம். அதுவும் காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை. அதற்குப் பிறகு வசந்தத்துக்கே லீவு.

தச்சநல்லூர் தாத்தா: பேரனுக்கு நாலு வயசு. 'ஜூவுக்குப் போகணும்' என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.

ஒற்றைக்காலில் நிற்கிறவர்களை அவனுக்குக் காட்டுங்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். அரசு அதைச் சரணாலயம் என்று அறிவித்தது 1994இல். ஊர்க்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பறவைகளுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தெருவோர மரத்தில் மஞ்சள் மூக்கு நாரை குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும், கீழே ஒரு ஆச்சி பாட்டுக்குப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பாள். தீபாவளிக்குக்கூட அங்கே வெடிச்சத்தம் கிடையாது. எச்சம் தலையில் விழுந்தால் திட்டாதீர்கள். அந்த எச்சம் ஊறிய குளத்து வண்டல் வயலுக்கு உரம். தொப்பி மட்டும் மறக்க வேண்டாம்.

வி.எம். சத்திரம் அப்பா: கூந்தன்குளத்தில் தலையில் கறுப்புப் பட்டை போட்ட வாத்து பார்த்தோம். மகள் 'எந்த ஊர் வாத்து?' என்கிறாள். முழிக்கிறேன்.

வரித்தலை வாத்து. சொந்த ஊர் திபெத், மங்கோலியா பக்கம். இமயமலையைத் தாண்டித்தான் வரும். 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். வெயில் ஏறியதும் வந்த வழியே திரும்பிவிடும். இவ்வளவுக்கும் கையில் ஒரு பை கிடையாது. நாம் ஒரு குழந்தையோடு வண்ணார்பேட்டை வரை போவதற்கு மூன்று பை, ஒரு பிளாஸ்க்!

டவுன் டீச்சர்: இப்படி ஊர் சுற்றினால் படிப்பு கெடாதா?

கண் கெடாது. சீனாவின் குவாங்சோ நகரில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், அவர்களில் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். வழக்கம்போல உள்ளேயே இருந்தவர்களில் சுமார் 40. 2015இல் வெளியான ஆய்வு. கரும்பலகை தெரிந்தால்தானே டீச்சர் படிப்பு வரும்?

அம்பாசமுத்திரம் மருமகள்: மாமியாருக்குக் கோயில் வேண்டும், பிள்ளைகளுக்கு விளையாட இடம் வேண்டும், எனக்குச் சண்டை வேண்டாம்.

மூன்றும் ஒரே பஸ் நிறுத்தத்தில்: திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடம். மாமியாருக்கு நாறும்பூநாதர். ஆற்றங்கரை மருத மரத்தில் பிள்ளைகளுக்கு நாரை, கொக்கு, வௌவால். அந்த ஊர் மக்கள் கேட்டுக்கொண்டதால்தான் 2005 பிப்ரவரி 14 அன்று அது இந்தியாவின் முதல் 'கன்சர்வேஷன் ரிசர்வ்' ஆனது. காதலர் தினத்தில் ஊரே சேர்ந்து பறவைகளோடு பதிவுத் திருமணம்! நீங்கள் மரத்தடியில் உட்காருங்கள். சண்டையைக் கொக்குகள் பார்த்துக்கொள்ளும்.

பேட்டை சித்தப்பா: பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில் போகிறோம். கைக்குழந்தையை அந்தக் காட்டுக்குள் கொண்டுபோகலாமா?

உம்மையே அப்படித்தான் கொண்டுபோனார்கள் வே. நம்ம பக்கத்துச் சாஸ்தாக்கள் ஓடைக்கரை, குளத்தங்கரை, காடு என்று, கூகுள் மேப் கைகழுவும் இடமாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். புளியமரத்துக் கிளையில் சேலைத் தொட்டில், பக்கத்தில் பொங்கல் பானை, கண்ணைக் கசக்கும் புகை. பிள்ளைக்கு அத்தனை சொந்தமும் அன்றைக்குத்தான் தெரியவரும். யாரோடெல்லாம் பேச்சுவார்த்தை இல்லை என்பதும்.

ஒரு 'பிஸி' அம்மா, மகாராஜநகர்: வெளியே கூட்டிப்போனால் பத்து நிமிஷத்தில் 'போர்' அடிக்கிறது என்கிறான். என்ன வாங்கிக் கொடுப்பது?

ஒன்றும் வாங்காதீர்கள். பூவரசு இலை ஒன்று பறியுங்கள். காம்பைக் கிள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கி ஊதினால் பீப்பி. அடுத்தது காற்றாடி. பனையோலையில் விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு, ஒன்றுக்குள் ஒன்றை மடித்துக் கோத்து, நடுவில் கருவேல முள். முள்ளின் மறுமுனை ஒரு குச்சிக்குள். காற்றை எதிர்த்து ஓடினால் சுற்றும், நின்றால் நிற்கும். பேட்டரி பிள்ளைதான், சார்ஜ் தீர்ந்தால் ராத்திரி எட்டு மணிக்கே தூங்கிவிடும். இதைச் செய்யத் தெரியவில்லை என்றால் உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். கேட்டதற்கே அவர் பத்து வயசு குறைந்துவிடுவார்.

கல்லிடைக்குறிச்சி மாமா: மூன்று வயசுப் பேத்தியை ஆற்றில் இறக்கலாமா?

முழங்கால் அளவுத் தண்ணீரில் இறக்கலாம். அவள் முழங்கால், உம்முடையது அல்ல. மணல் அள்ளிய பள்ளம் மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அணையில் தண்ணீர் திறந்தால் யாரும் வீடு தேடி வந்து சொல்லப் போவதில்லை. அதனால் பிள்ளை கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கையில் போன் இல்லாமல். ஆற்றில் இறக்க மனசில்லையென்றால் பாபநாசம் படித்துறையில் உட்காரவைத்துப் பொரி போடச் சொல்லுங்கள். மீன்கள் கூட்டமாக வந்து காலை இடிக்கும். பரிகாரம் என்று அங்கே வேட்டி சேலையை ஆற்றில் விடுகிறவர்களைப் பார்த்து 'அந்த மாமா ஏன் குப்பை போடுறாங்க?' என்று பேத்தி சத்தமாகக் கேட்பாள். தடுக்காதீர்கள்.

சாந்திநகர் இளம் தந்தை: குழந்தையின் ஒவ்வொரு அசைவையும் ரீல்ஸ் எடுத்துவிடுகிறேன். சரிதானே?

குழந்தைக்கு அப்பாவின் முகம் எப்படி இருக்கும் என்று ஒருநாள் காட்டிவிடும்.

மேலப்பாளையம் பாட்டி: பதநீர் இறங்கிவிட்டது. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

காலையில், மரத்தடியில், ஓலைப் பட்டையில் தாராளமாக. டம்ளர் கேட்டால் பனையேறி உங்களை மெட்ராஸ்காரி என்று முடிவுகட்டிவிடுவார். கலயத்தில் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாமல் விட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அது பேரனுக்கு ஆகாது. தமிழ்நாட்டுச் சட்டப்படி தாத்தாவுக்கும் ஆகாது.

கே.டி.சி. நகர் தகப்பன்: கார் வைத்து, பைனாகுலர் வாங்கிக் கூந்தன்குளம் போனோம். பையன் ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை. குத்தவைத்து எறும்புப் புற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை செலவும் தண்டமா அண்ணாச்சி?

கட்டெறும்பா, சிற்றெறும்பா? அதை எழுதவில்லையே நீர்!