பொழுது சாய்ந்தால் 14

பெங்களூரு, நிருபதுங்கா ரோடு மாஜிஸ்திரேட் கோர்ட் பக்கத்து டீக்கடை. ஒருவர் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய வக்கீல். மற்றவர் சிவாஜிநகர் ஆசாமி. ஜேப்படியில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

பெரியவர்: சார், நம்ம தொழிலுக்கு 379னு ஒரு நம்பர் இருந்துச்சு. மாத்திட்டாங்களாமே?

வக்கீல்: 2024 ஜூலை 1லேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா, பெரியவரே. திருட்டு இப்ப 303. அதே 3 வருஷம் வரைக்கும்தான். ஆனா முதல் தடவையா மாட்டி, 5,000 ரூபாய்க்குள்ள இருந்து, பொருளையும் திருப்பிக் கொடுத்துட்டா சமூக சேவையோட போச்சு.

பெரியவர்: எனக்கு முதல் தடவை தேவகவுடா சி.எம்.மா இருந்தப்பவே முடிஞ்சுபோச்சு. அது கிடக்கட்டும், கோரமங்களாவுல அஞ்சாயிரத்துக்குள்ள எவன் போன் வெச்சிருக்கான்?

வக்கீல்: வீட்டுக்குள்ள எடுத்தா 7 வருஷம். அரசாங்கச் சொத்துன்னாலும் 7.

பெரியவர்: அது வேணாம் சார். விதான சவுதா ஏரியாவுல ஏற்கெனவே ஆளுங்க இருக்காங்க.

வக்கீல்: கொள்ளைன்னா 10. அதையே நெடுஞ்சாலையில, பொழுது சாஞ்சு விடியறதுக்குள்ள செஞ்சா 14. வெள்ளைக்காரன் எழுதினது, அப்படியே வெச்சிருக்காங்க.

பெரியவர்: புண்ணியவான் ராத்திரி ஒம்பது மணி சில்க் போர்டு டிராஃபிக்கைப் பாத்ததில்ல. அங்க கொள்ளையடிச்சுட்டு எப்படி சார் ஓடுறது?

வக்கீல்: இதெல்லாம் டெல்லி சட்டம். நீங்க பயப்பட வேண்டியது நம்ம ஸ்டேட் சட்டத்துக்கு. 1985 குண்டா சட்டம். கமிஷனர் உத்தரவு போட்டா ஒரு வருஷம் வரைக்கும் உள்ள. கேஸ் நடக்காது.

பெரியவர்: என்ன செஞ்சதுக்கு?

வக்கீல்: செஞ்சதுக்கு இல்ல. இனிமே செய்யாம இருக்கறதுக்கு. பழக்கமா திருடறவனும் அதுல 'குண்டா'தான்.

பெரியவர்: கூட யாரெல்லாம்?

வக்கீல்: கள்ளச்சாராயம், சூதாட்டம் முன்னாடியே உண்டு. 2014ல ஆசிட் வீசறவன், நிலத்தை வளைக்கறவன், சுற்றுச்சூழலைக் கெடுக்கறவன் எல்லாரையும் சேத்துட்டாங்க. திருட்டு சிடி போடறவனும் அந்தப் பட்டியல்லதான்.

பெரியவர்: ஆசிட் அடிச்சவனுக்கும் சிடி அடிச்சவனுக்கும் ஒரே பாய்! சரி, பெல்லந்தூர் ஏரி 2017ல தீப்பிடிச்சுதே? தண்ணி பத்திக்கிற அளவுக்குக் கெடுத்தவங்க பரப்பன அக்ரஹாரா ஜெயில்ல எந்த பிளாக்?

வக்கீல்: டீ ஆறுது, குடிங்க.

பெரியவர்: கொலை பண்ணவனுக்கு?

வக்கீல்: 103. தூக்கு, இல்லேன்னா ஆயுள். ஆனா சாட்சி, குறுக்கு விசாரணை, அப்பீல் எல்லாம் உண்டு. காசில்லேன்னா அரசாங்கமே வக்கீல் கொடுக்கும்.

பெரியவர்: குண்டாவுக்கு?

வக்கீல்: உத்தரவு சரியான்னு பாக்கற அறிவுரைக் கழகம் முன்னாடி வக்கீல் வெச்சுக்க உரிமை இல்ல.

பெரியவர்: பர்ஸ் அடிச்சதுக்கு பதிலா ஆளையே அடிச்சிருக்கலாம் போல. மரியாதையாவது கிடைச்சிருக்கும்.

வக்கீல்: ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடலாம். என் சீனியர் பாத்துப்பார். ஃபீஸ் மட்டும்... (காதில் சொல்கிறார்.)

பெரியவர்: சார், மணி பதினொண்ணு. வெயில் சுள்ளுனு அடிக்குது. இதுக்குப் பத்து வருஷம்தானே?