ஓர இலைக்காரர்

கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்ததும் நீங்களும் நானும் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று பார்ப்போம். மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், பெயருக்குக் கீழே அமெரிக்கா உண்டா என்று பார்ப்போம். ஓர இலைக்காரர் மண்டபத்தின் பெயரைத்தான் பார்ப்பார். பார்த்ததும் முகம் மலர்ந்தால், அந்த மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடமும் கழிப்பறையும் ஒரே தளத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். முகம் சுருங்கினால் பந்தி மாடியில், கழிப்பறை பின்கட்டில், சாவி மேனேஜரிடம், மேனேஜர் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். வயது இருபத்தைந்தும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ, க்ரோன்ஸோ, குடலில் வந்து குடியேறிய ஏதோ ஒன்று. காலி செய்து போகாது. அடங்கும், கிளம்பும், மறுபடி அடங்கும். மாத்திரை உண்டு, ஒரு வேளை தவறாமல் போடுகிறார். அது அவருக்கும் டாக்டருக்கும் உள்ள விவகாரம். இந்த வயிற்றை வைத்துக்கொண்டு ஊரில் ஒரு விசேஷம் விடாமல் போய், சிரித்துப் பேசி, மொய் எழுதிவிட்டு வருகிறாரே, நமக்கு ஆச்சரியம் அதில்தான். என் அபிப்பிராயம், நம் கல்யாணங்களுக்கு மனிதர்களைப் பார்க்கவென்றே வருகிறவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் தாலி கட்டும்போதே பந்தி மேல் ஒரு கண்.

அவர் வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். மண்டபத்தில் பசியோடு உட்கார்ந்தால் ஜாங்கிரி ஜெயித்துவிடும் என்பது அவருக்கு அனுபவ பாடம். ஆனால் பந்தியில் உட்காராமல் போக முடியாது. போனால் பெண்ணின் அப்பா மனசு கஷ்டப்படும். ஆகவே உட்காருவார், வரிசையின் கடைசி இலையில். நடுவில் உட்கார்ந்தவன் அவசரமாக எழுந்தால் இந்தப் பக்கம் பத்துப் பேர் நாற்காலியை நகர்த்த வேண்டும். பத்துப் பேரும் தனித்தனியாக, “என்ன மாமா, அதுக்குள்ளயா?” என்பார்கள்.

அவர் இலையைக் கொஞ்சம் கவனியுங்கள். அப்பளம் வந்த உடனே அதை எடுத்து இலையின் மேல்பக்கம் சாய்த்து வைப்பார். காரப் பொரியலும் ஊறுகாயும் அதன் அடியில் தலைமறைவு. சாதம் ஒரு கைப்பிடிதான் வாங்குவார். அதைக் கீழ்ப்பாதி முழுக்கப் பரப்பிவிடுவார். பரிமாறுகிறவன் கண்ணுக்கு இலை நிரம்பித் தெரியும். சாம்பார் வாளி வரும்போது “வேண்டாம்” என்று சொல்லவே மாட்டார். நம் பந்திகளில் “வேண்டாம்” என்றால் ஒரு கரண்டி, “போதும்” என்றால் இன்னொரு கரண்டி, இரண்டு கையாலும் இலையை மறைத்தால் கை மேலேயே ஊற்றிவிடுவார்கள். “இது முடியட்டும் தம்பி, அடுத்த ரவுண்டுல வாங்கிக்கறேன்” என்பார். தம்பி நிம்மதியாகப் போய்விடுவான். அடுத்த ரவுண்டு வரும்போது ரசத்தை மேலாகத் தெளிவாக வாங்கி, கையால் நன்றாகப் பிசைந்து, மும்முரமாக இருப்பார்.

வடை, ஜாங்கிரி, காலிபிளவர் வறுவல் இவற்றை மறைக்க அப்பளம் போதாது. அதற்காகத்தான் பந்திக்கு முன்பே ஒரு சின்னப் பையனை, “வாடா கண்ணு, மாமா பக்கத்துல உக்காரு” என்று பிடித்து வைத்துக்கொள்வார். பெற்றவர்கள் அவருக்குக் குழந்தைகள் என்றால் உயிர் என்று நினைத்துப் பூரிப்பார்கள். பையனுக்கு மட்டும் உண்மை தெரியும். அவர் குடும்பத்தில் அவர் பக்கத்து நாற்காலிக்குப் பிள்ளைகள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் பாயசத்துக்கு வரும்போது அவருக்குச் சாப்பாடு முடிந்திருக்கும், வாய் சும்மா இருக்கும். அதனால்தான் அவர் சபையில் நல்ல பேச்சுக்காரர். யாருக்குப் பெண் தேடுகிறார்கள், யாருக்கு இடமாற்றம், எந்தப் பங்காளிக்கும் எந்தப் பங்காளிக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. காபி வந்தால் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொள்வார். கையில் டம்ளர் இருக்கிறவனை யாரும் “காபி சாப்பிடுங்க” என்று வற்புறுத்துவதில்லை. ஆறிப்போன அதே காபியோடு மண்டபத்தை இரண்டு சுற்று வந்துவிடுவார்.

ஆனால் அத்தைமார்களிடம் இந்தச் சாமர்த்தியம் எதுவும் பலிக்காது. முன்பெல்லாம் நோயின் முழுப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கேட்டவர்கள் முகத்தில் துக்கம் விசாரிக்கும் களை வந்துவிட்டது. அதனால் இப்போது, “வயித்துல கொஞ்சம் புண்ணு” என்பதோடு முடித்துக்கொள்கிறார். அது வேறு வம்பில் கொண்டுபோய் விடுகிறது. “புண்ணா? அப்ப வயித்தைக் காயப்போடவே கூடாதே! டேய், சித்தப்பாவுக்கு ரெண்டு பூரி கொண்டாடா!”

நம் நாட்டில் குடல் காசநோயும் க்ரோன்ஸும் ஒரே சாயலில் இருப்பதால், கேமரா விட்டுப் பார்த்து, சதையை எடுத்துச் சோதித்த பிறகும் எது எது என்று பெரிய டாக்டர்களே சில சமயம் திணறுகிறார்கள். அத்தைக்கு அந்தத் திணறல் கிடையாது. தாம்பூலப் பை கொடுக்கிற இடத்திலேயே, “இது வெறும் வாயுதான்” என்று கண்டுபிடித்துவிடுவார். மாதுளம்பழத் தோலைப் பொடி பண்ணி மோரில் சாப்பிடலாம். மணத்தக்காளிக் கீரை. சுண்டைவத்தல். “எங்க ஓரகத்தி தம்பிக்கு இதேதான் இருந்துச்சு. பாலக்காட்டுப் பக்கம் ஒரு வைத்தியர், ஒரே உருண்டை, அதோட சரி.” ஓர இலைக்காரர் வாதாடுவதே இல்லை. “அப்படியா அத்தை? நம்பர் அனுப்புங்க” என்பார். உலகத்தில் எந்த வைத்திய ஆலோசனையையும் ஒரே வாக்கியத்தில் முடித்துவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. போனில் நம்பர்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. அவர் ஒருவரையும் கூப்பிட்டதில்லை, மாத்திரையையும் நிறுத்தியதில்லை.

இன்றைய விருந்துகளில் எண்ணெயையும் காரத்தையும் விட அவரை அதிகம் வதைப்பது ஆரோக்கியம். வரகரிசிப் பொங்கல், கம்பு தோசை, முளைகட்டிய பயறு, தோலோடு நறுக்கிய பழம், வாழைத்தண்டுப் பச்சடி என்று ஒரு தனி மேசையே போட்டுவிடுகிறார்கள். குடல் சுருங்கியிருப்பவர்களுக்கும், நோய் கிளம்பியிருக்கும் நாட்களிலும் தோல், விதை, முரட்டு நார் எல்லாம் ஆகாது. அடங்கியிருக்கும் காலத்தில் நாரை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம், மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள் என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்த மெல்ல மெல்லக் கணக்கு பஃபே மேசைக்குத் தெரியுமா? ஊரே சிறுதானியத்துக்கு மாறிவிட்ட நேரத்தில் இவர் மட்டும் பளபளவென்று தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தயிரில் குழைத்துக்கொண்டு நிற்பார். நடைப்பயிற்சி நண்பர்கள் அவர் தட்டைப் பார்த்துவிட்டு, “இன்னுமா சார் வெள்ளைச் சோறு?” என்று கேட்கும் தொனியில், திருட்டு வழக்கில் மாட்டியவனைக்கூட யாரும் கேட்பதில்லை.

அவரிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. தின்றதும் விளைந்ததும் அதில் பதிவாகும். “வெள்ளரி, தோல் சீவி, விதை எடுத்து: சம்மதம். கத்திரிக்காய்: விதை. இரவு இரண்டு மணி. பால்கோவா: ஜென்மப் பகை. நாகர்கோவில் சம்பந்தி வீட்டு அவியல்: ருசி பிரமாதம், அபராதம் மூன்று நாள்.” இந்த நோட்டை வேறு யாரும் காப்பியடித்துப் பிரயோஜனமில்லை, ஒருவருக்கு ஆகாதது இன்னொருவருக்கு அமிர்தமாக இருப்பதுதான் இந்த நோயின் குணம். பாலைப் பகைத்துக்கொண்டவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துப்போகிறது. உறையும்போதே பாலின் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடுகின்றன.

தயிர் விஷயத்தில் அவருக்கும் அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகனுக்கும் தீராத வழக்கு. அவனுக்கும் இதே நோய். அவன் எலைன் காட்ஷால் என்ற அம்மையார் பிரபலமாக்கிய பத்தியத்தில் இருக்கிறான். மகளின் குடல் நோய்க்கு வழி தேடி, நியூயார்க் டாக்டர் சிட்னி ஹாஸின் உணவு முறையில் பலன் கண்டு, அப்புறம் புத்தகமே எழுதியவர் அந்த அம்மையார். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, சர்க்கரை எதுவும் கூடாது. தேன் கூடும். தயிரை 24 மணி நேரம் உறையவிட வேண்டும். பையன் ஊருக்கு வந்தபோது பாதாம் மாவில் தோசை வார்த்துக் காட்டி, “மாமா, அரிசியை விட்டுடுங்க” என்றான். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவரிடம் சொல்கிற வார்த்தையா இது? “உன் தயிரையாவது எடுத்துக்கலாம்னு பார்த்தேன். சென்னையில மே மாசம் 24 மணி நேரம் உறைஞ்சா அது தயிர் இல்லடா, ஆயுதம்” என்று சொல்லிவிட்டார்.

அமெரிக்காவில் க்ரோன்ஸ் நோயாளிகளுக்கு இந்தப் பத்தியத்தையும் மத்தியதரைக்கடல் பாணிச் சாப்பாட்டையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஆறு வாரத்தில் இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தினருக்குத் தொந்தரவு தணிந்திருந்தது. ஓர இலைக்காரர் அதைத் தன் கட்சிக்குக் கிடைத்த வெற்றியாகவே கொண்டாடினார். அந்த ஆய்வில் தயிர்சாதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

தன் நோய்க்கு அவர் ஒரு கௌரவப் பட்டியலும் வைத்திருக்கிறார். ஜப்பானின் ஷின்சோ அபே அவருக்குச் சொந்தக்காரர் போல. பெருங்குடல் புண்ணோடு போராடி 2007-ல் ஒரே வருஷத்தில் பதவியை விட்டவர், புது மருந்து கைகொடுக்க 2012-ல் திரும்பி வந்து, 2020-ல் நோய் மறுபடி கிளம்பும் வரை ஆண்டு, அந்த நாட்டில் அதிக நாள் பிரதமராக இருந்தவர் என்று பெயர் வாங்கினார். அமெரிக்காவின் ஐசனோவருக்கு 1956 ஜூனில் குடல் அடைத்து ஆபரேஷன்; நவம்பரில் தேர்தலில் ஜெயித்து மறுபடி ஜனாதிபதி. “நாமெல்லாம் பெரிய இடம்” என்பார். நியூயார்க்கில் 1932-ல் க்ரோன்ஸ் நோயை விவரித்துக் கட்டுரை எழுதியவர்கள் மூன்று டாக்டர்கள்: க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர். ஆங்கில அகரவரிசையில் பெயர் போட்டதால் க்ரோன் முதலில் வந்து, நோய் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது. “பந்திக்கு முந்துறதுன்னா இதுதான்” என்று இந்தக் கதையை முடிப்பார். அந்த க்ரோன் 99 வயது வரை இருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்வார், அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்கிற மாதிரி.

பயணத்தில் அவர் யாருக்கும் போட்டியே இல்லாத மனிதர். ரயிலில் கழிப்பறைப் பக்கத்துப் படுக்கை கிடைத்தால் எல்லோரும் ரயில்வேயைத் திட்டுவார்கள். இவர் பெட்டியின் நடுவில் கிடைத்த அருமையான கீழ்ப் படுக்கையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு அந்த வாசற்படி இடத்தைக் கேட்டு வாங்குவார். எதிராளி, இதில் என்ன சூது என்று சந்தேகத்தோடுதான் மாற்றிக்கொள்வார். காரில் சென்னையிலிருந்து திருச்சி போகும்போது பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் நாம் பல்லைக் கடிப்போம். அவர் முகத்தில் அங்கேதான் நிம்மதி. சாவடி என்றால் கழிப்பறை உண்டு. தமிழ்நாட்டில் சுங்கக் கட்டணத்தை மனப்பூர்வமாகக் கொடுக்கும் ஒரே பிரஜை அவராகத்தான் இருக்கும்.

நோய் கிளம்பிய நாட்களில் வரமாட்டார். மொய்யை யாரிடமாவது கொடுத்தனுப்பி, போனில், “அவசர வேலை, தப்பா எடுத்துக்காதீங்க” என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

யார் வீட்டுக்காவது சாப்பிடக் கூப்பிட்டால் “எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லி அவர்கள் மனசைப் புண்படுத்த மாட்டார். இரண்டு நாள் முன்பே அந்த வீட்டம்மாவுக்குப் போன் போட்டு, “அக்கா, ஊர்ல யார் வச்சாலும் உங்க பருப்பு ரசம் மாதிரி வராது. அதையும் குழைவா கொஞ்சம் சோறும் வைங்க, அது போதும்” என்பார். அந்த அக்கா ரசத்துக்கென்று புதிதாக ஈயச்சொம்பு இறக்கிவைப்பார். ஒரு கிண்ணம் ரசத்தில் இருவருக்கும் மரியாதை. வேறு எந்த விருந்தாளியாலும் இவ்வளவு குறைவாகத் தின்று இவ்வளவு நல்ல பெயர் வாங்க முடியாது.

உங்கள் வீட்டிலும் தை மாசம் கல்யாணம் வைத்திருப்பீர்கள். சமையல்காரரிடம் மெனு பேசும்போது இருபத்தோராவது அயிட்டமாக ஐஸ்கிரீமில் இன்னொரு ரகம் கேட்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் சோற்றைக் குழைய வடித்து, புளிக்காத தயிரோடு தனியே ஓரிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். யாருக்கு என்று கேட்டால் பெயர் சொல்ல வேண்டாம். அவர் தானாகவே தேடி வந்துவிடுவார். அவர் பின்னாலேயே, இத்தனை நாள் வெளியே சொல்லிக்கொள்ளாத இன்னும் நாலு பேர் வருவார்கள்.