ஆஃப் பண்ணாத அண்ணா

தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். ஓசூர் மாநகராட்சியானது 2019-ல். இந்த இரண்டு சேதியும் காதில் விழாதது போல தருமபுரியின் டிஎன் 29 நம்பரோடு சிப்காட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய டீசல் வேன்கள் இன்னும் உண்டு. அவற்றின் ஓனரை வண்டி இல்லாமலே அடையாளம் சொல்லிவிடலாம். டீக்கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் வடையைப் பார்ப்பார்கள். இவர் ஆட்களின் தோளைப் பார்ப்பார், தள்ளுவதற்குத் தேறுமா என்று.

இத்தனைக்கும் இது வண்டி செய்கிற ஊர். அசோக் லேலண்ட் லாரியும் டிவிஎஸ் பைக்கும் இங்கிருந்து புத்தம் புதிதாக வெளியே போகின்றன. போச்சம்பள்ளிப் பக்கம் ஸ்டார்ட்டரே தேவைப்படாத மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள். கிராங்க் கம்பியைச் சுற்றிக் கை ஒடிந்தது போதும் என்று அமெரிக்காவில் காடிலாக் காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் வைத்தது 1912-ல். அந்த வசதி நம்மவருக்கு வந்து சேர்ந்து, சில வருடம் இருந்துவிட்டுக் கிளம்பியும் போய்விட்டது.

ஆனால் செல்ஃப் ஸ்டார்ட்டர் போய்விட்டது என்று மட்டும் அவர் வாயால் வராது. "செல்ஃப் எல்லாம் நல்லாருக்குதுங்க. பனிதான்." மார்கழியில் இதைச் சொன்னால் பாதி உண்மை. ஓசூர் கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரம். விடியற்காலைக் குளிரில் ஆயில் கெட்டியாகும், பேட்டரி சோரும், ஹீட்டர் பிளக் சூடேறாமல் டீசல் பற்றாது. சித்திரையிலும் அவரிடம் பதில் உண்டு. "வெயிலுங்க. பேட்டரித் தண்ணி வத்திருச்சு." ஆடியில் சாரல். பஞ்சாங்கத்தில் மீதியிருக்கும் மாதங்களுக்கு, போன தடவை டீசல் போட்ட பங்க்.

அவருடைய அசைக்க முடியாத வாதம் ஒன்று உண்டு. ஹாரனை அழுத்திக் காட்டுவார். "கேட்டீங்களா? பேட்டரி கில்லி." ஹாரனுக்குச் சில ஆம்பியர் போதும், செல்ஃப் நூற்றுக்கணக்கில் இழுக்கும், டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பூஞ்சையே அதை வழிமறிக்கும் என்று எலக்ட்ரீஷியன் பையன் சொல்லிப் பார்த்தான். அதற்கும் ஹாரன்தான் பதில்.

செல்ஃபைக் கழற்றிப் பிரித்துக் காட்டியதும் அதே பையன்தான். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து, விரல் நகம் அளவுக்கு நின்றது. "மாத்திடலாமாண்ணா?" அண்ணா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் ஓடும்ல?"

ஓடுகிறது, ஒரு மாதிரி. கிளீனர் பையன் ஸ்பேனரோடு அடியில் புகுந்து மல்லாக்கப் படுத்து, செல்ஃப் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவான். "இப்ப அடிங்கண்ணா!" சாவியைத் திருப்பினால் டக். அவ்வளவுதான். "கொஞ்சம் பின்னாடி தட்றா." டக். நாலாவது தட்டில் கார்பன் எங்கோ ஒட்டிக்கொள்ள, கிர்ரென்று இன்ஜின் பிடித்து, கறுப்புப் புகை முழுவதும் பையன் முகத்தில். "பாத்தியா, செல்ஃப் நல்லாத்தான இருக்குது?"

ஒருமுறை பிடித்துவிட்டால் ராத்திரி வரை ஆஃப் கிடையாது. சாப்பாடு, டீ, பேங்க், தெரிந்தவர் வீட்டுத் துக்கம், எல்லாவற்றுக்கும் வாசலில் வேன் உறுமிக்கொண்டிருக்கும். மிச்சம் பிடித்த கார்பன் காசைப்போல எத்தனை மடங்கு டீசலாகப் போகிறதோ, அந்தக் கணக்கை அவர் போட்டதில்லை. நாமும் போட்டுக் காட்டக் கூடாது, மனிதருக்கு பிபி.

சிக்கல் அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூர்ப் பக்கத்துக் கம்பெனி கேட்டில்தான். இன்ஜினை அணைக்காமல் லோடு இறக்க விடமாட்டார்கள். செக்யூரிட்டி பீகார்க்காரர், விசிலும் லத்தியுமாக வருவார். நம்மவர் பயமே இல்லாமல் சாவியைத் திருகி அணைப்பார். லோடு இறங்கியதும் செகண்ட் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி ஜன்னலில் தலையை நீட்டுவார். அரை நிமிஷத்தில் அந்தச் செக்யூரிட்டியே பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருப்பார். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி நாலிலும் தள்ளச் சொல்லத் தெரிந்தவர் இவர். நன்றி சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

போன மாதம் மகள் பேச்சுக்காக வேனை விற்கச் சம்மதித்தார். சூளகிரியிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். வருவதற்கு அரை மணி முன்பே வண்டியை ஓடவிட்டு வைத்திருந்தார் நம்மவர். வந்தவர் டயரைப் பார்க்கவில்லை, பேப்பரைக் கேட்கவில்லை. நேராகப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்குதுங்களே."

"இப்பத்தான் ஒரு ட்ரிப்பு போய்ட்டு வந்தேனுங்க."

"ஒருதடவை ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்றீங்களா?"

நம்மவர் பேசவில்லை. தெருமுனையைப் பார்த்தார். வந்தவருடைய பழைய ஆம்னி, டிரைவர் சீட்டில் ஆளில்லாமல், அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

விலை படியவில்லை. ஆனால் இருவரும் உள்ளே உட்கார்ந்து காபி குடித்தார்கள். "உங்களுதுல போனது கார்பனா, பெண்டிக்ஸா?" என்று வந்தவர் விசாரித்துக்கொண்டிருந்தார்.