வாய்க்காலுக்குக் கிழக்கே குடிபோன பேராண்டிக்கு

வாடா பேராண்டி, குந்து. திண்ணையில தூசி கெடக்குது, வெள்ளைக் கால்சட்டை அழுக்காயிடும்னு பாக்காதே. பாகூர் தூசியைத் தட்டாம அப்படியே கொண்டுபோய் ஒங்க ரோமன் ரோலண்ட் வீதியில கொட்டினா, அதையும் பாரம்பரியத் தூசின்னு கண்ணாடிப் பெட்டியில வெச்சிடுவானுங்க. நீ இப்ப புதுச்சேரி ஒயிட் டவுன்காரன் ஆச்சே!

வாடகை எவ்வளவுன்னு நீ சொன்னதைக் கேட்டு ஒங்க ஆயா வாயில இருந்த வெத்தலையை முழுங்கிட்டா. ஒரு காணி நெல்லை வித்துட்டு வந்தாலும் ஒன் வூட்டு வாசப்படியைத் தாண்ட முடியாது போலிருக்குது. "அமைதிக்குக் குடுக்கறேன் தாத்தா"ன்னு சொன்னே. சரி, குடு. அந்த அமைதியை எவன் செஞ்சு தர்றான்னு மட்டும் தெரிஞ்சுக்க.

நடுவுல ஓடுதே பெரிய வாய்க்கால், அதுக்குக் கிழக்கே வெள்ளைக்காரன், மேற்கே நம்மாளுங்கன்னு அந்தக் காலத்துலயே ஊரைப் பிரிச்சு வெச்சுட்டான் பிரெஞ்சுக்காரன். கூவி விக்கறவன், பேரம் பேசறவன், சுத்தியலால தட்டறவன் எல்லாரும் மேற்கே. பியானோ வாசிக்கறவன் கிழக்கே. இன்னைக்கும் என்னா மாறிப்போச்சு? ஒங்க தெருமுனையில காலங்காத்தால சூடா குரோசான் கெடைக்கும். ரசத்துக்குக் கொத்தமல்லி வேணும்னா வாய்க்காலைத் தாண்டி பெரிய மார்க்கெட்டுக்குத்தான் வரணும். சத்தம் எங்கேயும் ஓடிப்போகலடா. ஒனக்காக மேற்கே குந்திகினு இருக்குது.

போன வாரம் போன்ல எவன்கிட்டயோ "முந்நூறு வருசத்து வூடு"ன்னு அளந்துகினு இருந்தே, என் காதுல வுழுந்துது. கொஞ்சம் கொறைச்சுக்க. 1761-ல இங்கிலீஷ்காரன் ஊரைப் புடிச்சு, கோட்டை கொத்தளம் மாளிகைன்னு ஒண்ணையும் வுடாம இடிச்சுத் தள்ளினான். 1765-ல திரும்பி வந்த பிரெஞ்சுக்காரன் பழைய தெருக்கோட்டு மேலயே மறுபடி கட்டினான். ஒன் வூடு எவ்வளவு கெழடா இருந்தாலும் அதுக்கு அப்புறம் பொறந்ததுதான். பழசுன்னா மணக்குள விநாயகர் பழசு. வெள்ளைக்காரன் கப்பல்ல வந்து எறங்கறதுக்கு முன்னாடியே அங்க குந்தினவரு. அதைவுடு, நம்ம பாகூரு? நிருபதுங்கன்னு ஒரு பல்லவராசா 9-ம் நூற்றாண்டுல இந்த ஊரு கல்விச்சாலைக்கு மூணு ஊரை எழுதிவெச்சு செப்பேடு குடுத்திருக்கான். அதுக்காக எவனாவது வந்து என் திண்ணையைப் போட்டோ எடுத்தானா? கழனிச் சேறுன்னா போட்டோவுல நல்லா வுழாது போலிருக்குது.

போட்டோன்னதும் ஞாபகம் வருது. சனி ஞாயிறு ஆனா சென்னையிலேருந்தும் பெங்களூருலேருந்தும் காரு காரா வந்து எறங்கறானுங்களே, அவனுங்களை என்னா பண்றதா உத்தேசம்? ஒன் சுவரு மஞ்சள், அது மேல காகிதப்பூ கொடி, நீலக் கதவு வேற. கல்யாணம் நிச்சயமான சோடிங்களுக்கு ஒன் வாசப்படிதான் மணவறை. பொண்ணு கதவுல சாஞ்சு நிக்கும், பையன் காகிதப்பூவைப் பறிச்சு நீட்டுவான். நீ பால் வாங்கக் கதவைத் தொறந்தா, "அங்கிள், கொஞ்சம் உள்ள போங்க, நீங்களும் வுழறீங்க"ம்பான் கேமராக்காரன். வாடகை குடுக்கறவன் நீ, சுவரு அவனுக்கு! கோவப்பட்டு சண்டைக்குப் போகாதே. இந்தக் கெழவன் சொல்றதைச் செய்யி. என்னோட பழைய கட்டம் போட்ட லுங்கி ஒண்ணு தர்றேன். அதை மடிச்சுக் கட்டிகினு, மேல துண்டுகூட இல்லாம, வேப்பங்குச்சியை வாயில வெச்சுகினு வாசல்ல நில்லு. அவனைப் பார்த்து சிரி. அஞ்சு நிமிசத்துல அடுத்த தெருவுக்குப் போயிடுவான். ஆனா சூதானமா இருடா, பத்துல ஒருத்தன் ஒன்னையும் சேர்த்து எடுத்துகினு "உள்ளூர் பெரியவர்"னு போட்டுடுவான்.

வூடு ஒழுகுதுன்னியே? வூட்டுக்காரரு பாரிசுல இருக்காரு, ஒழுகற தளம் இங்க இருக்குது. அவரு பதில் போடறதுக்குள்ள மழைக்காலம் முடிஞ்சிடும். அவசரப்பட்டு சிமெண்டை மட்டும் அப்பிடாதே. அது சுண்ணாம்புக் காரைச் சுவரு. உள்ள ஊறின ஈரம் வெளியே வர வழி வேணும். சிமெண்ட் பூசி அடைச்சேன்னா உள்ளுக்குள்ளயே ஊறி செங்கலை அரிச்சு, ஒரு நாள் பொத்துனு வுழும். போதாக்கொறைக்குக் கடல் உப்புக் காத்து சன்னல் கம்பியைத் தின்னுகினே இருக்கும். கடற்கரைச் சாலையில நின்ன மேரிங்கற நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில சரிஞ்சு வுழலியா? அதை மறுபடி கட்டிட்டானுங்க, இப்ப பாக்கறவன் அதையும் பழசும்பான். நீ சுண்ணாம்புக் காரை போடத் தெரிஞ்ச கொத்தனாரா பாரு. எங்கே இருப்பான்னு கேக்கறியா? வாய்க்காலுக்கு மேற்கேதான்.

தண்ணியும் அப்படித்தான் வந்துது. பாரதி பூங்காவுல வெள்ளையா ஆயி மண்டபம் நிக்குதே, அது எதுக்குன்னு நெனைச்சே? ஆயின்னு ஒரு தாசி முத்திரப்பாளையத்துல கொளம் வெட்டினாள்னு கதை சொல்லுவாங்க. மூணாம் நெப்போலியன் காலத்துல அங்கேருந்துதான் வெள்ளைக்காரன் தெருவுக்குத் தண்ணி கொண்டாந்தாங்க. மேற்கேருந்து வந்த தண்ணிக்குக் கிழக்கே மண்டபம்! நல்ல மனசுடா அந்தப் பிரெஞ்சுக்காரனுக்கு, வேலை செஞ்சவளுக்குப் பேராவது குடுத்தான்.

நான் ஒண்ணும் கொறை சொல்லல. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கடற்கரைச் சாலையில வண்டி கெடையாது, காத்தாட நடக்கலாம். மணலை மட்டும் ரொம்பத் தேடாதே. துறைமுகம் கட்டினதுக்கு அப்புறம் கடல் அதை அள்ளிகினு போச்சு, பெரும்பாலும் கருங்கல்லுதான். என் இடுப்புக்குக் கல்லும் ஒத்துக்கும்.

அதனாலதான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். வர்ற மாசி மகத்துக்கு மயிலத்து முருகனே வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வர்றாரு. அவ்வளவு தொலைவுலேருந்து சாமியே வரும்போது தாத்தன் வரக்கூடாதா? ஒங்க ஆயா, பெரியத்தை, அத்தையோட சம்பந்தி வூட்டுக்காரங்க, எல்லாரும் ட்ராக்டர்ல வர்றோம். முதல் நாள் ராத்திரியே வந்துடுவோம். ட்ராக்டர் நிறுத்த அந்தத் தெருவுல எடம் வுடுவானான்னு கேட்டு வை. பம்பைக்கார மாமனும் கூட வர்றான். ராத்திரியெல்லாம் அடிச்சுட்டு வர்றவன், பகல்ல நல்லா தூங்கணும்பான். சத்தமில்லாத தெருவா பார்த்து ஒரு பாய் போட்டுக் குடுங்கன்னு ரொம்ப நாளாவே கேட்டுகினு இருக்கான்.