உச்சுக் கொட்டினால் போதுமா?

கேள்வி: ஒரகடம் ஆலைகளுக்கு வெளியூரிலிருந்து வரும் பெண்கள் படும் பாட்டைக் கேட்டால் மனசு கலங்குகிறது. எதுவும் செய்யாமல் கலங்கி என்ன பயன்?

பதில்: கலங்காத மனசு கதவையே திறக்காது, அதனால் கலங்குங்கள். ஆனால் வாசலிலேயே நின்றுவிடாதீர்கள். 2021 டிசம்பரில் ஒரகடத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில், ஆப்பிளுக்கு ஐபோன் செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் வாந்தி, வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனையில். விடுதியிலோ வெறும் தரையில் படுக்கை; சில கழிப்பறைகளில் தண்ணீரே இல்லை. நாம் கொட்டிய உச்சு அங்கே ஒரு பாய் விரிக்கவில்லை. அவர்களே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை தற்காலிகமாக மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனமும் விழித்தது. உங்கள் தெருவிலும் ஒரே அறையில் எட்டுப் பெண்கள் இருப்பார்கள். தண்ணீர் வருகிறதா என்று வீட்டுக்காரரிடம் இன்றைக்கே கேளுங்கள்.